உணவுப் பகிர்வும் ஊரொற்றுமையும்



இங்கிலாந்தின் வடபால், மேற்கு யார்க்‌ஷயர் பிரதேசத்தில் டாட்மார்டன் என்றொரு சிற்றூர் உளது. அங்கு வசிக்கும் ஜனங்கள் சுமார் 15,000 பேர். பஞ்சாலைத் தொழில் க்ஷீணித்த அவ்வூரில், 2008-ஆம் ஆண்டில், பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் என்னும் மாதரசிகள் அயலாரைக் கூட்டி ஒரு நற்காரியம் தொடங்கினர். பொதுவிடங்களில் வெறுமனே கிடந்த நிலத்தில் கீரையும் காய்கறியும் பயிரிட்டனர். போலீஸ் ஸ்டேஷன் முன்பு மக்காச்சோளமும் வைத்தியசாலையருகே மூலிகைகளும் வளர்ந்தன. உழைத்தவர் கூலி பெற்றிலர். விளைந்ததை யாவரும் விலையின்றிப் பறித்துக்கொள்ளலாயினர்.

இதனால் அவ்வூராரின் பசி முழுதும் தீர்ந்ததென்று யான் கூறவில்லை. பாத்திகள் சிறியவையே. ஆயினும், முகம் பாராது சென்றோர் அவற்றருகே நின்று பேசலாயினர். அதுவே பெரும் பலன்.

நம் சங்கக் கட்டிடத்தின் முன்புறத்திலும் முருங்கை, கறிவேப்பிலை வைக்க வேண்டுமென அன்பர் சிலர் பிரேரேபித்துள்ளனர். மிக நன்று. ஆனால் “நம்மவர்க்கு மாத்திரம்” என்று பலகை நாட்டுவோமாயின், வேலி வளருமேயன்றி உறவு வளராது. வழிப்போக்கரும் ஒரு கைப்பிடி கொண்டு செல்லட்டும். அவர் எக்குலத்தார் என வினவாதிருப்போமாக. அதுவே நம் சங்கத்திற்குப் பெருமையாகும்.