கண்ணாடியில் ஒட்டிய நீலத் தாள்



லண்டன் கடைத்தெருக்களில் நடந்து போகும்போது, சில கடைக் கண்ணாடிகளில் வெளிர் நீல நிறத் தாள் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது புதிதாக லைசென்ஸ் கேட்கிறவர்கள் ஒட்டும் அறிவித்தல். ஆனால் அதே நிறத்தில் கவுன்சில்காரர் வந்து ஒட்டிவிட்டுப் போகும் தாளும் உண்டு. இந்தக் கடையின் லைசென்ஸ் மறுபரிசீலனைக்கு வந்திருக்கிறது, கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று அதில் எழுதியிருக்கும். 28 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். பால் வாங்க வருகிறவரும், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவரும், எதிர்க்கடைக்காரரும் நின்று வாசிப்பார்கள்.

நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்த நாட்டுக்கு வந்து, ஒரு மூலைக்கடையை வைத்துத்தான் தலைநிமிர்ந்தன. விடியுமுன் திறந்து, ஊர் உறங்கிய பிறகு பூட்டி, கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகாமல் வளர்த்த கடைகள். அப்படி ஒரு கடை கடத்தல் சிகரெட் பெட்டியால் விழுகிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

இங்கிலாந்தில் சிகரெட் விற்க இதுவரை தனி லைசென்ஸ் இருந்ததில்லை. அதனால்தான் சிலர், பிடிபட்டால் சாமானைக் கொண்டுபோவார்கள், அபராதம் கட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கவுன்சில் கைவைப்பது மதுபான லைசென்ஸில். 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்துக்கு நான்கு நோக்கங்கள். குற்றத்தைத் தடுப்பது அவற்றில் ஒன்று. பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பது இன்னொன்று. கடத்தல் சிகரெட் இரண்டுக்கும் எதிரானது. ஆகவே கவுன்சிலின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவோ பொலிஸோ அந்தச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி மறுபரிசீலனை கேட்கலாம். உள்துறை அமைச்சின் வழிகாட்டி, கடத்தல் புகையிலையை விற்பதையும் பதுக்கி வைப்பதையும் மிகப் பாரதூரமான குற்றங்களோடு சேர்த்துச் சொல்கிறது. முதல் தடவை பிடிபட்டாலும் லைசென்ஸை ரத்துச் செய்வதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்கிறது.

கள்ளப் பெட்டியைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. 2017 மே மாதத்திலிருந்து இங்கே விற்கும் எல்லாச் சிகரெட் பெட்டிகளும் ஒரே மங்கலான பாசி நிறம். பெயர் சின்ன எழுத்தில், மீதியெல்லாம் எச்சரிக்கைப் படம். பளபளவென்று சிவப்பிலோ தங்க நிறத்திலோ, எச்சரிக்கை வேறு பாஷையில் இருந்தால், அது வரி கட்டாமல் வந்தது. இன்னொன்றும் உண்டு. சட்டப்படி விற்கும் சிகரெட்டை இழுக்காமல் வைத்தால் தானாக அணைய வேண்டும் என்பது 2011 முதல் விதி. அதற்காகக் காகிதத்தில் தடித்த வளையங்கள் வைத்துச் செய்கிறார்கள். கள்ளச் சிகரெட்டில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. சோபாவில் உறங்கிப்போனவரின் விரலிடுக்கில் அது அடிவரை எரியும்.

கடையில் பதுக்குகிற விதங்களைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். அலமாரிக்குப் பின்னால் காந்தம் வைத்த பொய்ப் பலகை, தரைக்கு அடியில் மூடி போட்ட குழி. ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்காரர் ஒரு மோப்ப நாயைக் கூட்டி வருவார்கள். சீரியல் பெட்டிகளையும் டின்மீன்களையும் தாண்டிப் போய், அந்தப் பலகைக்கு முன்னால் நாய் அசையாமல் நின்றுவிடும்.

பிறகு விசாரணை. மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். "எனக்குத் தெரியாது, வேலைக்கு நின்ற பெடியன் செய்தது" என்பது அங்கே அடிக்கடி கேட்கும் பதில். காந்தப் பலகை செய்து வைத்த கடையில் அந்தப் பதில் எடுபடாது. லைசென்ஸை மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ அவசரமாக மாற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கல்லாவில் அதே ஆள்தானே நிற்கப்போகிறார் என்று கவுன்சிலர்கள் கேட்பார்கள். நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகுதான் லைசென்ஸில் கைவைக்கலாம் என்பதும் தவறான எண்ணம். லிங்கன்ஷயர் உணவகம் ஒன்றின் வழக்கில், அப்படி ஒரு தீர்ப்பு அவசியமில்லை என்று 2016இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வேலை செய்ய அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்தது பற்றிய வழக்கு. ஆனால் அந்த நியாயம் சிகரெட்டுக்கும் பொருந்தும்.

கவுன்சிலர்கள் புதிய நிபந்தனை போடலாம், மூன்று மாதம்வரை நிறுத்தி வைக்கலாம், ஒரேயடியாக ரத்துச் செய்யலாம். மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய 21 நாள் அவகாசம். மேன்முறையீடு முடியும்வரை கடை பழைய லைசென்ஸில் நடக்கும். ஆனால் வக்கீல் செலவு, வாடகை, வங்கிக் கடன் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும். வரித் திணைக்களம் 10,000 பவுண்ட் வரை அபராதம் போடவும் 2023இலிருந்து இடம் இருக்கிறது.

இது கடுமை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நாணயங்களைக் கல்லாவில் வைக்கிறது. பில்லும் இல்லாமல், வரியும் இல்லாமல், மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர் அந்தப் பிள்ளையிடம் அடையாள அட்டை கேட்பாரா? எனக்குத் தெரிந்து கேட்க மாட்டார். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கவுன்சில் பக்கம் நிற்கிறேன்.

கடை வைத்திருக்கும் உறவுகளே, வேனில் வந்து, "அண்ணை, மலிவாக இருநூறு பெட்டி இருக்கு, பில் வேண்டாம்" என்று சொல்கிறவர் இந்த வாரமும் வரக்கூடும். வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். வேனின் இலக்கத்தைக் குறித்து வைத்து, 0800 555 111 என்ற கிரைம்ஸ்டாப்பர்ஸ் எண்ணுக்குச் சொல்லுங்கள். உங்கள் பெயரை அவர்கள் கேட்க மாட்டார்கள்.