ஓசையற்ற களமும் ஒளிவிடும் வீரமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணி புரிந்த ஒரு சங்கத்தின் விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இவர் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேச எடுத்துக்கொண்டது வெறும் விளையாட்டு அன்று. பிறர் ‘உன்னால் ஆகாது’ என்று ஒதுக்கிய ஒரு கூட்டத்தார், தாமே ஒன்றுகூடித் தமக்கென ஓர் உலக அரங்கை அமைத்துக்கொண்ட வரலாறு அது. ‘டெஃப்லிம்பிக்ஸ்’ என்று இன்று அழைக்கப்படும் செவி கேளாதோர் உலக விளையாட்டுப் போட்டிகளே நமது பொருள்.

அந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கித் தொடங்க வேண்டும். 1880-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் மிலான் நகரில், செவி கேளாதோர் கல்வி குறித்து ஒரு சர்வதேச மாநாடு கூடியது. செவி கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் கற்பிக்கலாகாது, வாய்ப்பேச்சு முறை ஒன்றினாலேயே கற்பிக்க வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியவர்களில் ஏறத்தாழ அனைவரும் செவி கேட்பவர்களே. யாருடைய வாழ்வைப் பற்றிய முடிவோ, அவர்களுக்கு அந்த அவையில் ஏறத்தாழ இடமே இல்லை. அதன் விளைவாக, பல நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகள் தம் கைகளால் பேசுவதற்குத் தடை வந்தது. அந்தத் தீர்மானம் தவறு என்று கூறி, அதே மாநாட்டின் வழிவந்தோர் கனடா நாட்டு வான்கூவர் நகரில் வருத்தம் தெரிவித்தது 2010-இல்தான். இடையே ஓடி மறைந்தவை 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கல்வி அதில் கரைந்து போயிற்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கிறோம், நெஞ்சு கனக்கிறது.

அந்த இருண்ட காலத்தில்தான் யூஜின் ரூபன்ஸ் அல்கே என்ற பிரெஞ்சுக்காரர் தோன்றினார். அவர் செவி கேளாதவர். பெரும் செல்வரும் அல்லர். இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளி. மிதிவண்டிப் பந்தயத்தில் பேரார்வம் கொண்டவர். செவி கேளாத விளையாட்டு வீரர்களுக்காகவே 1914-இல் ஓர் இதழைத் தொடங்கினார். எழுத்தின் வழியே நாடு கடந்து தோழர்களைத் தேடினார். பெல்ஜியம் நாட்டு இளைஞரும் செவி கேளாதவருமான அந்துவான் திரெஸ் அவருக்குத் துணை நின்றார். 1924-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்து முடிந்தன. அடுத்த மாதமே, ஆகஸ்டு 10 முதல் 17 வரை, அதே நகரில் முதலாவது ‘சர்வதேச மௌன விளையாட்டுகள்’ நடந்தேறின. ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலிருந்து 148 பேர் கலந்துகொண்டனர்.

ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகள் ரோம் நகரில் தொடங்கியது 1960-இல். அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே செவி கேளாதோர் தம் போட்டிகளைத் தாமே தொடங்கிவிட்டனர். கருணை கொண்டு யாரும் நடத்திக் கொடுத்ததல்ல அது. அந்த நாள்களிலேயே தமக்கென ஒரு சர்வதேசக் குழுவையும் அமைத்தனர். அதன் பொறுப்பு இன்றுவரை செவி கேளாதோர் கையிலேயே உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலம் நீங்கலாகப் போட்டிகள் தொடர்ந்து நடைபெற்று வந்தன. 1949 முதல் பனிக்கால விளையாட்டுகளும் சேர்ந்தன. 1955-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அந்த அமைப்பை அங்கீகரித்தது. 1957-ஆம் ஆண்டுப் போட்டி எங்கு நடந்தது தெரியுமா? சைகை மொழிக்குத் தடை விதித்த அதே மிலான் நகரில்! எந்த ஊரில் கைகளைக் கட்டிப்போட வேண்டும் என்றார்களோ, அந்த ஊரின் களத்தில் பல நாட்டு வீரர்கள் கைகளால் பேசியபடி உலா வந்தனர். இதைவிடச் சிறந்த மறுமொழி உண்டோ? 2001 முதல் டெஃப்லிம்பிக்ஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. 2009-இல் தைபே நகரில் முதன்முறையாக ஆசியக் கண்டத்தில் நடந்தது. 2025 நவம்பரில் ஜப்பானியத் தலைநகர் டோக்கியோவில் நடந்த போட்டிக்கு எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரர்கள் வந்தனர்.

இப்போட்டிகள் நடைபெறும் முறையை இளைஞர்கள் அறிதல் நலம். செவித்திறன் மிகுந்துள்ள காதிலும் 55 டெசிபெல் அளவுக்கேனும் கேட்புக் குறை உள்ளவரே பங்கு பெறலாம். நாம் இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் என்பதை நினைத்தால், அந்த அளவின் பொருள் விளங்கும். களத்தில் இறங்கும்போது காதொலிக் கருவியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கருவி வாங்க வசதி உள்ள நாட்டாருக்கும் இல்லாத நாட்டாருக்கும் களம் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலி பயன்படாது. ஒவ்வொரு வீரர் அருகிலும் விளக்கு இருக்கும். சிவப்பு எரிந்தால் இடத்தில் நிற்க வேண்டும். மஞ்சள் எரிந்தால் ஆயத்தமாக வேண்டும். பச்சை எரிந்தால் பாய்ந்து ஓட வேண்டும். கால்பந்தில் நடுவர் கொடியை அசைப்பார். பார்வையாளர் கைதட்டுவதில்லை; இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பர். அரங்கு முழுவதும் கைகள் காற்றில் இலைகள் போல் அசைவதே அங்கு ஆரவாரம்.

மற்ற விதிகள் எல்லாம் உலகோர்க்கு உள்ள விதிகளே. ஓடும் தூரம் குறைவதில்லை.  மாற்றப்பட்டது ஒன்றே ஒன்று: ஒலி இருந்த இடத்தில் ஒளி வந்தது. தகுதியைக் குறைத்துத் தருவது சலுகை. தடையை நீக்கித் தருவது நீதி. இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும்.

செவி கேட்போருடனேயே போட்டியிட்டு வென்றோரும் உண்டு. இத்தாலி நாட்டுக் குத்துச்சண்டை வீரர் கார்லோ ஒர்லாந்தி 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஹங்கேரி நாட்டு வாள்வீச்சு வீராங்கனை இல்திகோ ரெய்தோ பிறவியிலேயே செவி கேளாதவர்; பயிற்சியாளர்கள் தாளில் எழுதிக் காட்டிக் கற்பித்தனர். அவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் பெற்றார். தென்னாப்பிரிக்காவின் டெரன்ஸ் பார்க்கின் 2000 சிட்னி ஒலிம்பிக் நீச்சலில் வெள்ளி வென்றார். அவருக்காக வைத்தது ஒரு விளக்கு மட்டுமே.

நம் நாட்டுக்கு வருவோம். ஹரியானா மாநில மல்யுத்த வீரர் வீரேந்தர் சிங் 2005, 2013, 2017 ஆகிய மூன்று போட்டிகளிலும் தங்கம் வென்றார், 2009-இல் வெண்கலம். ‘ஊமைப் பயில்வான்’ என்னும் பொருள்படும் பட்டப்பெயரே அவருக்கு வழங்கிற்று. 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் கையால் பத்மஸ்ரீ விருது பெற்றார். மறுநாளே அந்தப் பதக்கங்களைக் கையில் ஏந்தி, தில்லியில் தம் மாநில அரசின் மாளிகை முன் நடைபாதையில் அமர்ந்தார். பாராலிம்பிக் வீரர்களுக்குத் தரும் பரிசையும் உரிமையையும் செவி கேளாத வீரர்களுக்கும் தருக என்பதே அவர் கோரிக்கை. விருது பெற்றவுடன் மனநிறைவு கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை அவர். தமக்குக் கிடைத்தது தம் கூட்டத்தாருக்கும் கிடைக்கவேண்டும் என்று எண்ணினார். படித்துப் பதவி பெற்ற நம்மவர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செயல் அது.

2022 மே மாதம் பிரேசில் நாட்டுக் காஷியாஸ் தோ சுல் நகரில் இந்தியா 8 தங்கம் உட்பட 16 பதக்கங்கள் பெற்றது. அவற்றுள் மூன்று தங்கத்தில் பங்கு நம் மதுரை மகளுக்கு உண்டு. இறகுப்பந்து வீராங்கனை ஜெர்லின் அனிகா, ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி ஆகிய மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். அவ்வாண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2025 டோக்கியோவில் இந்தியாவின் பதக்கங்கள் 20-ஆக உயர்ந்தன.

இனி நம் தெருவுக்கு வருவோம். இத்தகைய பிள்ளைகள் நம்மிடையே இல்லையா? இருக்கிறார்கள். ‘வளர்ந்தால் பேசிவிடும்’ என்று காத்திருந்து காலம் கடந்தவர்கள் அவர்கள். வகுப்பின் கடைசி வரிசையில், மந்தபுத்தி என்ற பெயர் சுமந்து அமர்ந்திருப்பவர்கள் அவர்கள். பின்னர் பள்ளியை விட்டுச் செங்கல் சூளைக்கும் ஆட்டு மந்தைக்கும் போனவர்கள். அறிவு குறைந்ததால் அல்ல, ஆசிரியர் சொல் எட்டாததால் நின்றுபோன கல்வி அது. வறுமையும் பிறப்பின் பெயரால் வந்த இழிவும் அழுத்தும் வீட்டில், இந்தக் குறையும் சேர்ந்தால் அப்பிள்ளையின் நிலை என்ன?

ஆகவே இவ்விழா மேடையில் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். தாய்மார்களே! ஓசைக்குத் திரும்பிப் பாராத குழந்தையை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மொழி பதியும் பருவம் முதல் சில ஆண்டுகளே. பெற்றோர்களே! 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமை ஆக்கியுள்ளது; அதற்குரிய மருத்துவச் சான்று பெற்றுப் பள்ளியில் சேருங்கள். இளைஞர்களே! ‘செவிடன்’, ‘ஊமை’ என்று அழைப்பதை இன்றோடு விடுங்கள். இழிசொல் எப்படிச் சுடும் என்பதை நமக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. மாலையில் நீங்கள் ஆடும் கபடியிலும் கால்பந்திலும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊதலுக்குப் பதில் ஒரு கைக்குட்டையை அசைத்தால் போதும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நிர்வாகப் பெருமக்களே! இருபத்தாறாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் சங்கம், நம் தெருக்களில் செவி கேளாத பிள்ளைகள் எத்தனை பேர் எனக் கணக்கெடுக்க வேண்டும். சங்கத்தின் கல்வி உதவித்தொகையில் அவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். பாரிஸில் பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவர் தொடங்கியதை, கற்றவர் பலர் கூடிய சங்கம் செய்ய இயலாதா? இயலும் என்றே நம்புகிறோம். அந்தப் பிள்ளைகள் நம் பேச்சைக் கேளார். நம் செயலைக் காண்பர்.