பந்தைக் கொடுப்பவனின் கதை



விளையாட்டைப் பொருளாகக் கொண்ட கதைகளுக்கு இயல்பாகவே ஓர் இடர் உண்டு. வெற்றியா தோல்வியா என்ற வினா தீர்ந்ததும் கதையும் தீர்ந்துவிடுகிறது. முடிவை அறிந்தவர் மீண்டும் அதனை நாடுவது அரிது. இவ்விடரைக் கடந்த ஜப்பானிய அசைவூட்டப் படம் ஒன்றைக் குறித்ததே இவ்வுரை. 2022 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ என்பது அதன் பெயர்.

டகெஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் எழுதி வரைந்த சித்திரக்கதையே இதன் மூலம். அது 31 தொகுதிகளைக் கொண்டது. ஷோஹொகு என்னும் பள்ளியின் கூடைப்பந்து அணியைப் பற்றியது. 1993இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 101 பகுதிகளோடு நின்றது. கதையின் உச்சமான சன்னோ பள்ளியுடனான ஆட்டத்தை அது தொடவேயில்லை. சித்திரக்கதை முடிந்து இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின், அந்த ஓர் ஆட்டத்தையே இனோவே தாமே எழுதி, தாமே இயக்கிப் படமாக்கினார். ஷோஹொகு 79-78 என வெல்லும் என்பது மூலக்கதையைப் படித்த அனைவரும் அறிந்தது. அறிந்த முடிவுக்கு மீண்டும் உயிர் தந்தது எது?

விடை, கதை சொல்லும் இடத்தை மாற்றியதில் இருக்கிறது. மூலக்கதையின் தலைவன் சகுராகி. படத்தின் நடுவிடமோ மியாகி ரியோட்டாவுக்குத் தரப்பட்டது. அவன் உயரம் 168 செ.மீ.; அணியின் தொடக்க ஐவரில் குள்ளமானவன். பந்தைத் தட்டிக்கொண்டு சென்று, உரிய நேரத்தில் உரியவன் கையில் சேர்ப்பது அவன் தொழில். புள்ளி எடுப்பவனை விட்டுக் கொடுப்பவனைத் தெரிந்தெடுத்தபோதே இது நட்பின் கதையாகிவிட்டது.

ரியோட்டா ஒகினாவாவில் பிறந்தவன். தந்தை இறந்தபின் அண்ணன் சோட்டாவே அவனுக்குக் கூடைப்பந்து கற்பித்தான். ஒருநாள் அண்ணன் ஆட்டத்தைப் பாதியில் விட்டு மீன்பிடிக்கப் படகேறுகிறான். ஏமாற்றமடைந்த சிறுவன், இனித் திரும்பி வரவே வேண்டாம் என்று கத்துகிறான். அண்ணன் திரும்பவில்லை. அண்ணன் அணிந்த 7ஆம் எண்ணைப் பின்னாளில் தம்பி அணிகிறான். ஆட்டத்துக்கு முன்பு தாய்க்குக் கடிதம் எழுத அமர்ந்தவன், உயிரோடிருப்பது தானாகிப் போனதற்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்கி, அதைத் தள்ளிவிட்டு, நன்றி சொல்லி வேறு எழுதுகிறான். ஆட்டத்தில் பணயமாக நிற்பது கோப்பை அன்று, வாழ்வதற்கான உரிமை. இதனை எவரும் வசனமாகப் பேசுவதில்லை. ஆட்டத்தின் ஓட்டமும் கடந்த காலமும் மாறி மாறி வருவதால், சன்னோவின் இருவர் அவனை நெருக்கி மறிக்கும்போது, எதிரே நிற்பவர் அவர்கள் மட்டும் அல்லர் என்பது பார்ப்பவர்க்குத் தானே புலனாகிறது.

நட்பும் இங்கே இனிய சொற்களால் கட்டப்படவில்லை. ஒகினாவாவை விட்டு வந்து தனியே பந்தாடிய சிறுவனோடு ஆட முன்வந்தவன் மிட்சுயி. சில ஆண்டுகள் கழித்து, ஆட்டத்தை இழந்து வழிதவறிய அதே மிட்சுயி, தன் கூட்டத்தோடு வந்து ரியோட்டாவுடன் மோதுகிறான். பின்னர் இருவரும் ஒரே அணியில் ஆடுகின்றனர். தளர்ந்து நிற்க இயலாத மிட்சுயிக்கு ரியோட்டா பந்தை அனுப்புகிறான், மிட்சுயி எறிகிறான். நம்பிக்கை என்பது அங்கே ஓர் உணர்ச்சி அன்று, ஒரு செயல்.

இறுதி நொடிகளில் படம் ஒலியை முற்றிலும் விலக்கிவிடுகிறது. பிறர்க்குப் பந்து தர விரும்பாத ருகாவா, தான் வெறுக்கும் சகுராகிக்கு அதைத் தருகிறான். சகுராகியின் உதடுகள் அசைகின்றன, குரல் கேட்பதில்லை. மூலச் சித்திரக்கதையிலும் இவ்விடம் பெரும்பாலும் சொல்லற்ற பக்கங்களே. எழுத்தை விலக்கி வரைந்தவர், படத்தில் ஓசையை விலக்கினார். சொல் எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிவது கவிஞர்க்கும் உரிய கலை. அந்த அமைதியில் ஆறாயிரம் சொற்கள் சொல்லாதது சொல்லப்பட்டு விடுகிறது.

பந்து வளையத்தில் விழுந்ததும் இருவரும் ஓடிவந்து கைதட்டிக் கொள்கின்றனர். அடுத்த கணமே நினைவு வந்தவர்கள்போல முகத்தைத் திருப்பிக் கொள்கின்றனர். நட்பு என்ற பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கொடுத்ததும் பெற்றதும் போதுமாயின.