மக்காச்சோள மணியின் கவசம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பெரம்பலூர், திண்டுக்கல், விருதுநகர் முதலிய மாவட்டங்களில் மக்காச்சோளம் இன்று முக்கியமான பயிராக விளங்குகிறது. விளைச்சலின் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. விளைச்சலைப் பெருக்கும் வழிகளை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். விளைந்த மணியைப் பூசணம் பற்றாமல் காப்பது எவ்வாறு, அதற்கு மணியின் இயல்பே எவ்வளவு துணை செய்கிறது என்பதையே நாம் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இது விலையை மட்டும் பொறுத்த விஷயமன்று. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தானத்துப் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் குஜராத்துப் பஞ்சமகால் மாவட்டத்திலும் பல கிராமங்களில் மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் பரவின. அறுவடைக் காலத்தில் பெய்த மழையில் நனைந்து, நன்கு உலராமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளமே அங்குள்ள ஏழை மக்களின் உணவாக இருந்தது. ஆராய்ந்தபோது 397 பேர் நோயுற்றதும், அவர்களுள் 106 பேர் மாண்டதும் தெரிந்தன. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் தானியத்தில் உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சே அதற்குக் காரணம். இந்நஞ்சு ஈரலைத் தாக்குவது. சமைப்பதால் முற்றும் அழியாதது.

மணிக்கு இயற்கை அளித்த காப்புகள்

முதற்காப்பு கதிரை மூடிய மேலுறை. உறை நுனிவரை இறுக மூடியிருக்கும் இரகங்களில் மழைநீரும் புழுவும் எளிதில் உட்புகுவதில்லை. கதிர் முற்றியதும் தலை கவிழும் இயல்பும் நல்லதே; நீர் உள்ளே தங்காமல் வடிந்துவிடும்.

இரண்டாவது காப்பு மணியின் தோல். அதன்மேல் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. 1990-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பூசணத்தை எதிர்க்கும் மக்காச்சோளம் ஒன்றைச் சோதித்தனர். அதன் மணிகளில் இம்மெழுகு மிகுந்திருந்தது. மெழுகை நீக்கியபோதும், தோலைக் கீறியபோதும் பூசணம் அம்மணிகளில் முன்னைவிட எளிதாக வளர்ந்தது. தோல் பிளவுபடாமல் இருப்பதே மணிக்குப் பெருங்காவல் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, மணியின் கெட்டித்தன்மை. மேற்புறம் பளபளப்பாய், உள்ளே கண்ணாடிபோல் இறுகிய மணி, தலையில் குழி விழுந்த மாவு மணியைவிடப் பொதுவாக வண்டின் துளைப்பைத் தாங்கவல்லது. நான்காவது, மணிக்குள் இருக்கும் சில புரதங்கள். அவை பூசணத்தின் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

ஆனால் பூசணம் அறவே பற்றாத இரகம் எதுவும் இல்லை. மணி பிடிக்கும் பருவத்தில் வறட்சி நேர்ந்தால் நல்ல இரகமும் எதிர்ப்பாற்றலை இழக்கும். எனவே விதை வாங்கும்போது விளைச்சலோடு, உறை இறுக மூடுமா, மணி கெட்டியா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

கவசத்தை நாமே உடைக்கலாமா?

இயற்கை தந்த கவசம் பெரும்பாலும் நம் கவனக்குறைவால் உடைகிறது. 2018-இல் நம் நாட்டிற்குள் வந்த படைப்புழு கதிரைத் துளைத்துப் பூசணத்திற்கு வாயில் திறந்துவிடுகிறது. மணியின் அடியில் கரும்படலம் தோன்றினால் அது முற்றிவிட்டது என்று பொருள். உலர்ந்துவிட்டது என்று பொருளன்று. ஈரமான கதிரை இயந்திரத்தில் இட்டால் மணி நசுங்கும். மிதமிஞ்சிய வேகத்தில் ஓட்டினால் உடையும். உடைந்த மணியும் தூளும் குவியலின் நடுவில் தங்கி, பூசணத்திற்கு முதல் இரையாகின்றன. ஆகவே அடித்தபின் சலித்து, அவற்றை நீக்கிவிடுதல் அவசியம்.

சேமிக்கும் மணியின் ஈரம் 12 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது. ஈரமானி இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது தானியமும் ஒரு சிட்டிகை உலர்ந்த உப்பும் இட்டு மூடி, சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் ஏறக்குறைய 15 சதவிகிதத்திற்கு மேல் என்று அறியலாம். ஒட்டாவிட்டாலும் மேலும் ஓரிரு நாள் காயவைப்பதே பத்திரம்.

பச்சையும் மஞ்சளும் கலந்த பூசணம் கண்ட மணியை மனிதரும் உண்ணலாகாது. மாட்டிற்கும் கோழிக்கும் இடலாகாது. மாடு உண்டால் நஞ்சு பாலில் வரும். அப்பாலைக் குடிப்பது நம் குழந்தைகளே. பூசணத்தைத் துடைத்துவிட்டால் நஞ்சு போய்விடாது.

பஞ்சாயத்தின் கடமை

சாலையோரத்தில் தானியத்தைக் காயவைத்து, மழை வந்ததும் திகைப்பது பல ஊர்களில் நாம் காணும் காட்சி. மேடான இடத்தில் சிமெண்டுத் தளமிட்ட உலர்களம் ஒன்றும், மூடுவதற்குத் தார்ப்பாய்களும், முறைவைத்துப் பயன்படுத்த ஒரு ஈரமானியும் ஊருக்குப் பொதுவாக இருந்தால், சிறு விவசாயியும் அவசரத்தில் ஈரத் தானியத்தை விற்க நேராது. நல்ல இரகத்தைத் தேர்ந்து விதைப்பது உழவரின் பொறுப்பு; விளைந்ததை உலர்த்த இடம் தருவது பஞ்சாயத்தின் பொறுப்பு. அடுத்த அறுவடைக்கு முன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் கூட்டத்தில் இதனை விவாதித்து, உலர்களத்திற்கான இடத்தைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.