பிறவிக் கையும் பழகிய கையும்

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் புனித அந்தோனியார் கல்லூரி அமைந்திருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் அக்கல்லூரி மைதானத்தில் மாணவர் ஒருவர் மிதவேகப் பந்து வீசிப் பழகி வந்தார். அவருக்குப் பதினான்கு வயதானபோது பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவரை அழைத்து, வேகத்தை விட்டுச் சுழற்பந்து வீசிப் பார்க்குமாறு யோசனை சொன்னார். அம்மாணவர்தான் முத்தையா முரளிதரன். தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை நாடி வந்த ஒருவரின் பேரர். கண்டிப் பகுதியில் பிஸ்கட் உற்பத்தித் தொழில் நடத்திய முத்தையாவின் மைந்தர். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய ஒரே பந்துவீச்சாளர் இன்றுவரை அவரே.

இவரைப் பற்றிப் பேச்செழுந்தால் கண்டித் தேநீர்க் கடைகளிலும் சரி, கொழும்பு மாளிகைகளிலும் சரி, ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும். "அவருக்குப் பிறவியிலேயே கை அப்படி" என்பதே அவ்வாக்கியம். அன்பர்கள் இதைப் புகழ்ச்சியாகச் சொல்வர். பகைவர் குற்றச்சாட்டாகச் சொல்வர். ஆனால் இரு சாராரும் சொல்வது ஒன்றே. கை கொடுத்தது, மனிதன் பெற்றுக்கொண்டான் என்பதுதான் அதன் பொருள். இது எவ்வளவு தூரம் உண்மை?

கை அப்படித்தான் என்பதில் ஐயமில்லை. முரளிதரனின் வலது முழங்கை பிறப்பிலேயே சற்று வளைந்தது. அதை முற்றாக நீட்ட இயலாது. மணிக்கட்டோ வெகு இலகுவாகச் சுழலக் கூடியது. ஓப் ஸ்பின் எனப்படும் சுழற்பந்தைப் பெரும்பாலோர் விரல்களால் திருப்புவர். வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்குப் பந்து வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் திரும்பும். விரலால் திருப்பும் பந்து உலர்ந்து வெடித்த ஆடுகளத்தில் நன்கு திரும்பும். உறுதியான ஆடுகளத்தில் சோர்ந்துவிடும். முரளிதரன் அதே பந்தை மணிக்கட்டால் திருப்பினார். ஆகவே பிறருக்குக் கல்லாய் இருந்த களத்திலும் அவர் பந்து திரும்பிற்று. இவ்வளவும் இயற்கையின் கொடை. இதை மறுப்பவர் கண்ணிருந்தும் காணாதவரே.

ஆயினும் அதே கை, அதே மணிக்கட்டு, பதினான்கு வயது வரை மிதவேகப் பந்துதானே வீசிற்று! கொடை உடலில் இருந்தது. அது கொடை என்பதை ஓர் ஆசிரியரின் கண் கண்டு சொல்லவேண்டியிருந்தது. அதன் பின்னரும் வழி எளிதாய் அமைந்துவிடவில்லை. 1990-91 பருவத்தில் 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகள் வீழ்த்தி, ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்ற பட்டத்தைப் பெற்றார். அந்தப் புகழோடு 1991ல் இலங்கை 'ஏ' அணியுடன் இங்கிலாந்து சென்றார். அங்கே ஐந்து ஆட்டங்களில் ஆடியும் ஒரு விக்கெட்டேனும் கிட்டவில்லை. பிறவிக் கை அந்தக் கோடையிலும் அவரோடு கூடவேதான் சென்றிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியவர், வெறுங்கையோடு திரும்பிய அதே இளைஞர்தான்.

இயற்கைத் திறமையா, உழைப்பா என்ற வினா மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு விவாதம். முரளிதரனுக்கோ அது தொழில் பற்றிய வழக்கு. மானம் பற்றிய வழக்கு. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில், பல்லாயிரம் மக்கள் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை கையை நீட்டி, அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் எனத் தீர்ப்பளித்தார். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் குற்றமேதும் காணவில்லை. ஒரே நாள், ஒரே கை, ஒரே பந்து. ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குணம். சில நாட்களின் பின் பிரிஸ்பேனிலும், 1999 ஜனவரியில் அடிலெய்டிலும் நடுவர் ரோஸ் எமர்சன் அதே குற்றத்தைச் சாட்டினார். அடிலெய்டில் ரணதுங்க அணியினரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்திவைத்தமை பலருக்கு நினைவிருக்கும்.

1996ல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும், ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அந்தக் கையை அளந்து பார்த்தனர். முழங்கை நீட்டப்படுவதாகத் தோன்றுவது கண்ணின் மயக்கமே என்று கண்டனர். 2004ல் 'தூஸ்ரா' என்ற பந்து பற்றி மீண்டும் முறைப்பாடு எழுந்தது. ஓப் ஸ்பின் போலவே புறப்பட்டு எதிர்ப்புறம் திரும்பும் பந்து அது. பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் பெயர்பெறச் செய்தது. அளந்தபோது முழங்கை நீட்சி ஏறக்குறைய 14 பாகை எனத் தெரிந்தது. வீசும் முறையைத் திருத்திய பின் அது 10 பாகையை அண்மித்தது. அன்றைய விதி சுழற்பந்துக்கு 5 பாகையே அனுமதித்தது. எனவே அப்பந்தை வீசவேண்டாம் என்றனர். பின்னர் பிற பந்துவீச்சாளரையும் அதே நுட்பக் கருவிகளால் ஆராய்ந்தபோது, குற்றமற்றவர் எனப் பெயரெடுத்த பலரின் முழங்கையும் ஓரளவு நீள்வது புலனாயிற்று. 2005ல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என விதி திருத்தப்பட்டது. தனக்காகச் சட்டத்தை வளைத்தவர் என அவரை ஏசுவோர், அந்தச் சட்டம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதைப் பேசுவதில்லை.

கருவி பாகையை அளக்கும். அதே கையை ஓராண்டில் எத்தனை ஆயிரம் முறை சுழற்றினார் என்பது ஆய்வுகூடத்துக்கு வேண்டாத கணக்கு. அந்தக் கணக்கைக் கிரிக்கெட் ஏடுகளில்தான் தேடவேண்டும்.

1998 ஆகஸ்ட் மாதம் இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரேயொரு டெஸ்ட் நடைபெற்றது. இங்கிலாந்து 445 ஓட்டங்கள் எடுத்தது. முரளிதரன் 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இலங்கை 591 எடுத்தது. இரண்டாம் முறை இங்கிலாந்து ஆடியபோது 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள் அவருக்குச் சேர்ந்தன. எஞ்சிய ஒருவர் ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். பத்திரிகைகள் 16 விக்கெட்டுகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. சிறிய எழுத்தில் இருந்ததே இங்கு கருதத்தக்கது: அந்த ஓர் ஆட்டத்தில் அவர் வீசியவை 113 ஓவர்களும் 5 பந்துகளும். அதாவது 683 பந்துகள். ஒவ்வொரு முறையும் ஓடி வந்து, தோளைச் சுழற்றி, மணிக்கட்டை முறுக்கி, ஏறத்தாழ அதே இடத்தில் பந்தைக் குத்தவைக்க வேண்டும். 600ஆவது பந்தை அந்த இடத்தில் குத்தவைப்பது வளைந்த முழங்கையா?

133 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் வீசியவை 44,039 பந்துகள். டெஸ்ட் வரலாற்றில் வேறெவரும் இத்தனை பந்துகள் வீசியதில்லை. வலைப்பயிற்சியில் வீசியவற்றை எவரும் எண்ணி வைக்கவில்லை. மணிக்கட்டு பந்தைத் திருப்பும். ஆனால் திரும்பும் பந்தை எங்கே விழவைப்பது என்பது பழக்கத்தால் மாத்திரமே வருவது. மிகுதியாகத் திரும்பும் பந்தைக் கட்டுப்படுத்துவது இன்னும் கடினம். அதனாலேயே மணிக்கட்டால் திருப்புவோர் பலர் ஓட்டங்களை வாரி வழங்குவர். அந்த வகையில் இவரது கொடையே இவருக்கு ஒரு பாரமுமாயிற்று எனலாம்.

இதே மயக்கம் வேறு நாட்டிலும் உண்டு. அவுஸ்திரேலியாவின் டொன் பிராட்மனைப் பார்த்து, "கழுகுக் கண்; அதனால் அடிக்கிறார்" என்றனர். 1940ல் படையில் சேர்ந்தபோது வைத்தியர்கள் சோதித்துப் பார்த்ததில் அவரது பார்வை சராசரிக்கும் குறைவு எனத் தெரிந்தது! பௌரல் என்ற சிற்றூரில் சிறுவனாக இருந்தபோது, தண்ணீர்த் தொட்டியின் வளைந்த அடித்தளத்தில் கொல்ஃப் பந்தை எறிந்து, மீண்டு வரும் பந்தை ஒரு விக்கெட் தடியால் அடித்து அவர் பழகியதை எல்லோரும் கதையாகச் சொல்வர். காரணமாகச் சொல்வோர் சிலரே.

பிறவிக் கொடை என்ற சொல்லில் சோம்பேறிக்கு ஒரு சுகம் உண்டு. கொடை பெற்றவன் வென்றான். பெறாத நான் ஏன் முயலவேண்டும் என்று இருந்துவிடலாம். பரீட்சையில் முதல்வனாய் வந்த மாணவனைப் பார்த்து "அவனுக்கு மூளை அப்படி" என்று வகுப்பறையின் கடைசி வாங்கு சொல்வதும் இதே சுகத்தை நாடித்தான். திருவள்ளுவர் ஊழுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நம்மவர் முன்னதைத் தம் தோல்விக்கும் பின்னதைப் பிறருக்கு உபதேசம் செய்வதற்கும் வைத்துக்கொண்டனர்.

சொந்த ஊர் மக்கள் அந்த உழைப்பைக் கண்ணாரக் கண்டவர்கள். கண்டி அஸ்கிரிய மைதானத்தில் 16 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் 117 விக்கெட்டுகள் எடுத்தார். 2002 ஜனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக அங்கே முதல் நாளிலேயே ஒன்பது விக்கெட்டுகள் விழுந்தன, ஒன்பதும் அவருக்கே. மறுநாட் காலை அவரது பந்தில் வந்த பிடியொன்று நழுவிற்று. பத்தாவது விக்கெட் சமிந்த வாஸுக்குப் போயிற்று. 51 ஓட்டங்களுக்கு 9 என்ற கணக்கோடு அவர் நின்றார். 2007 டிசம்பர் 3ஆம் நாள், அதே மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து, ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளைத் தாண்டினார். அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்டும் அதுவே.

2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டோடு விடைபெறுவதாக அறிவித்தபோது அவரிடம் 792 விக்கெட்டுகள் இருந்தன, வயது 38. எட்டு விக்கெட்டுகள் கிட்டுமா என்பது எவருக்கும் நிச்சயமில்லை. முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு என 799 ஆயிற்று. இந்தியாவின் கடைசி ஜோடி களத்தில் நின்றது. மறுமுனையில் வேறெவரேனும் அந்த விக்கெட்டை எடுத்துவிட்டால் கதை அத்துடன் முடிந்தது. ஜோடி விரைவில் பிரியவில்லை. அந்த இன்னிங்ஸில் மட்டும் அவர் 40 ஓவர்களுக்கு மேல் வீசினார். ஒரு பந்து, இன்னொரு பந்து, மற்றுமொரு பந்து. இறுதியில் பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்ட பந்து மஹேல ஜயவர்தனவின் கைகளுக்குச் சென்றது. டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய கடைசிப் பந்து அதுதான்.