மிச்சம் யார் பக்கம்?

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நம் நாட்டின் சில்லறைக் கணக்கு தலைகீழானது. 16 அணா ஒரு ரூபாய் என்றிருந்தது போய், 100 நயா பைசா ஒரு ரூபாய் ஆனது. ரூபாய் என்னவோ அதே ரூபாய்தான். அதை உடைக்கும் முறைதான் மாறியது. தகராறெல்லாம் அந்த உடைப்பில்தான் வந்தது.

நூறைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே அருகில் உள்ள முழுப் பைசாவைக் கணக்கில் கொள்ளவேண்டும், சரிபாதியாக நின்றால் கீழே உள்ளதை எடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே விதி வைத்தார்கள். அதன்படி ஓரணா 6 பைசா. இரண்டணா பன்னிரண்டரை வரவேண்டும், ஆனால் 12. மூன்றணா 19. நாலணாவுக்கு வந்தால் மிச்சமே இல்லாமல் 25.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஓரணா விலையுள்ள பொருள் நான்கை ஒவ்வொன்றாக வாங்கினால் நான்கு ஆறு 24 பைசா. நான்கையும் சேர்த்து வாங்கி நாலணா என்று கணக்குப் போட்டால் 25. பதினாறு தடவை தனித்தனியாக வாங்கினால் 96 பைசாவோடு போயிற்று, ரூபாய்க்கு நாலு காசு லாபம்! வாங்குகிறவர் பிரித்துப் பிரித்துக் கேட்பார், விற்கிறவர் கூட்டிக் கூட்டிச் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. விதி அப்படி.

கைக்கு வந்த காசுகளும் குழப்பத்துக்குக் குறைவைக்கவில்லை. பழைய இரண்டணா சதுரம், புதிய ஐந்து பைசாவும் சதுரம். பழைய ஓரணாவுக்கு வளைவு வளைவான விளிம்பு, புதிய பத்துப் பைசாவுக்கும் அப்படியே. இரண்டு வகைக் காசும் சில காலம் ஒன்றாகவே புழங்கின. மங்கலான விளக்கு வெளிச்சத்தில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ‘நயா’ என்ற சொல்லை 1964 ஜூனில் எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஜனங்கள் பழகிவிட்டார்கள்.

காசாவது நாடு முழுக்க ஒன்றாக இருந்தது. எடை அப்படியில்லை. மணங்கு என்று சொன்னால் சென்னையில் 25 ராத்தல் (பவுண்டு). வங்காளத்தில் 82 ராத்தலுக்கும் சற்று மேலே. பெயர் ஒன்று, பாரம் மூன்று மடங்கு வித்தியாசம். சேர் என்ற பழைய எடையையும் கிலோவையும் ஒன்றாக்க 1871-லேயே வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டது. அது ஏட்டோடு நின்றது. 1956-ல் சுதந்திர இந்தியா போட்ட சட்டம்தான் நடைமுறைக்கு வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக, 1962-ல் கிலோ எடைக்கல் கட்டாயமானது.

நம் பக்கத்தில் வீசை என்பது நாற்பது பலம். கிலோவில் ஏறக்குறைய 1.4. வீசை ஒரு ரூபாய்க்கு வெங்காயம் விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோ எழுபது பைசாவுக்குச் சற்று மேல் வரவேண்டும். ஆனால், “கிலோ முக்கால் ரூபாய், அம்மா” என்பதுதான் எந்த வியாபாரிக்கும் வாயில் சுலபமாக வரும். என் பார்வையில் அளவு மாற்றத்தில் கஷ்டமே இந்த இடம்தான். பெருக்கலும் வகுத்தலும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மிஞ்சி நிற்கும் துளியை யார் பக்கம் தள்ளுவது என்பதற்கு வாய்ப்பாட்டில் பதில் இல்லை. காசுக்கு அதைச் சட்டமே தீர்மானித்தது. வெங்காயத்துக்குக் கடைக்காரர் தீர்மானிப்பார்.

யாருக்கும் நஷ்டமில்லாத மிச்சமும் உண்டு. நகைக்கடையில் இன்றும் நாம் பவுன் கணக்கில்தானே பேசுகிறோம்? அது இங்கிலாந்து தங்க நாணயத்தின் எடை, 7.988 கிராம். நாம் அதை எட்டு கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். பவுனுக்கு 12 மில்லிகிராம் கூடுதல். ஆனால் பில் கிராமுக்குத்தான் போடுகிறார்கள் என்பதால் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் வழக்கு இல்லை.

நிலத்தில்தான் இன்னமும் பலர் பதறுகிறார்கள். பத்திரத்தில் பத்து சென்ட் என்று இருக்கும். பட்டாவைப் பார்த்தால் ஹெக்டேர் கட்டத்தில் பூஜ்யம், ஏர் கட்டத்தில் 4.05. “பாதிக்கு மேல் காணோமே!” என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடவேண்டாம். ஓர் ஏர் என்பது நூறு சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 4.05-ஐ 2.47-ஆல் பெருக்குங்கள். பத்துக்கு மேல் ஒரு துளி அதிகமாகவே வரும். அந்தத் துளி உங்கள் பக்கம்தான்.