ஏழுகிணற்று அண்ணன்



இஞ்சினியரைக் கூப்பிட்டு இலக்கியம் பேசச் சொன்னால் என்ன ஆகுமோ என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் குடியிருப்பது அண்ணனூர். மின்ரயில் ஷெட் இருக்கிற ஊர் என்றால்தான் பல பேருக்குப் புரியும். பக்கத்திலேயே திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீசுவரரைச் சுந்தரர் பாடினார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து இராமலிங்க அடிகளும் பாடினார். அந்த வகையில் வள்ளலார் எங்களுக்கு வேண்டியவர். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அவருடைய வீட்டைப் பற்றி, குறிப்பாக அண்ணன் சபாபதியைப் பற்றி. ஊர்ப் பெயருக்கும் பொருத்தமாக இருக்கட்டுமே!

அப்பா இராமையா பிள்ளை சிதம்பரம் பக்கம் மருதூரில் கணக்கர். 1823 அக்டோபர் 5இல் ஐந்தாவது பிள்ளையாக இராமலிங்கம் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அப்பா போய்விட்டார். தாயார் சின்னம்மை, பிள்ளைகளோடு பொன்னேரி அருகே சின்னக்காவணத்திலிருந்த பிறந்த வீட்டுக்கு வந்து, பிறகு சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியேறினார். (கோட்டைக்குக் குடிநீர் தர 1772இல் வெட்டிய கிணறுகள்தான் அந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்தவை. நம்ம துறை விஷயம், சொல்லாமல் விட மனசில்லை.)

சம்பாதிப்பவர் இல்லாத குடும்பம் எதை வைத்துப் பிழைத்தது? தமிழை வைத்து. சபாபதி, காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் பாடம் கேட்டவர். வசதியானவர்கள் வீடுகளில் புராணப் பிரசங்கம் செய்து, அந்த வருமானத்தில் தாயையும் தம்பி தங்கைகளையும் காப்பாற்றினார்.

கடைக்குட்டியோ பாடம் படிக்காமல் கந்தகோட்டத்தில் போய் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. வீட்டில் சோறு போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் போட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இந்த இடத்தில் எல்லோரும் அண்ணியைப் புகழ்ந்துவிட்டு அண்ணனைக் கல்நெஞ்சக்காரர் மாதிரி காட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பாத்தியம் ஒன்று, வயிறு பல. தம்பியாவது படித்துத் தேறணும் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஹாஸ்டல் பணம் அண்ணன் சம்பளத்திலிருந்து, அக்கா வளையலிலிருந்து வந்தது! அரியர்ஸ் வைத்தபோது திட்டியவர்களும் அவர்கள்தானே.

ஒருநாள் சபாபதிக்கு உடம்பு சரியில்லை. சோமு செட்டியார் வீட்டுப் பிரசங்கத்துக்குத் தம்பியை அனுப்பி, ஏதோ ஒப்புக்குச் சொல்லிவிட்டு வா என்றார். சிறுவன் பெரியபுராணம் சொன்ன அழகில் சபை அசையாமல் கேட்டதாம். தொடர்ந்து இவரே சொல்லட்டும் என்று கேட்டார்களாம். சோறு போட்ட தொழிலில் தனக்கு மேல் ஒருவன், அதுவும் தான் அடக்கப் பார்த்த தம்பி! சபாபதி பொறாமைப்படவில்லை. தம்பியைப் பிறகு வற்புறுத்தவும் இல்லை. அவர் வாழ்க்கையில் பெரிய காரியம் அதுதான் என்பது என் எண்ணம்.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. 1858இல் அடிகள் சென்னையை விட்டுக் கிளம்பினார். பாடல்களை அச்சிட அவர் எளிதில் இசையவில்லை. அவை வந்து சேரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் விரதமிருந்தார். மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்து 1867இல் திருவருட்பா வெளிவந்தது.

அந்தப் பக்கம் போனால் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வள்ளலார் வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். அது சபாபதி நடத்திய வீடும்கூட.